விக்கியில் புது வசதியா? எல்லோருக்கும் திறக்கும் முன் மூடிய சோதனையைத் திட்டமிடுவது எப்படி

2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் நடுவே, சம்பந்தமே இல்லாமல் சதுரங்கக் காலாள் குறிகள் முளைத்தன. அந்த மாதம்தான் விசுவல் எடிட்டர் என்ற புதிய தொகுப்பான் அங்கே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. விக்கிக் குறியீடுகள் தெரியாதவரும் நேராகப் பக்கத்திலேயே எழுதலாம் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் சேமிக்கும்போது இந்தக் குறிகளும், விக்கிக் குறியீட்டை வேலை செய்யவிடாமல் நிறுத்தும், யாரும் கேட்காத ‘நோவிக்கி’ ஒட்டுகளும் பக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. செப்டம்பரில் அந்தச் சமூகம், வேண்டியவர் மட்டும் இயக்கிக்கொள்ளட்டும் என்று அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டது.

சோதனையே நடக்கவில்லை என்று இதைச் சொல்ல முடியாது. 2012 டிசம்பரிலிருந்தே விருப்பமுள்ளவர்கள் அதை இயக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் புது வசதியைத் தானாகத் தேடிப்போய் இயக்கிப் பார்ப்பவர் ஒரு ரகம். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர் வேறு ரகம்.

விக்கிக்கென்று தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற மென்பொருள்களில் வழுவை, அதாவது நிரலில் உள்ள பிழையை, கண்டுபிடித்து நிரலைத் திருத்திவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. விக்கியிலோ வழு பக்கத்துக்குள் எழுதப்பட்டு, அதன் திருத்த வரலாற்றிலும் ஏறிவிடுகிறது. நிரலைத் திருத்திய பிறகும் அந்தக் காலாள்கள் பக்கங்களில் அப்படியே நிற்கும். யாராவது ஒவ்வொன்றாகப் போய் நீக்க வேண்டும், அதுவும் சம்பளமில்லாமல். மூடிய சோதனைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

மூடிய சோதனை என்றால், அழைக்கப்பட்ட சிலர், வரையறுத்த ஓரிடத்தில், வரையறுத்த நாள்களுக்கு மட்டும் புது வசதியைப் பயன்படுத்திப் பார்ப்பது. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் சொந்தமாகத் தளம் நடத்துகிறவர்களையும், அதற்குப் புது வசதி சேர்க்கும் நிரலான நீட்சியை எழுதத் தொடங்கியிருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு வசதியைக் கையில் வைத்துக்கொள்வோம்: அட்டவணைகளைச் சுட்டியாலேயே திருத்தும் ஒரு கருவி. வரிசை சேர்க்கலாம், நெடுவரிசையை நகர்த்தலாம், கட்டங்களை இணைக்கலாம்.

காட்டுகிறதா, எழுதுகிறதா?

திட்டத்தாளின் முதல் வரியில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். உங்கள் வசதி பக்கத்தைக் காட்டும் விதத்தை மட்டும் மாற்றுகிறதா, பக்கத்தின் உரையிலேயே கைவைக்கிறதா?

புதிய தோற்றம், படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் சாளரம், பொருளடக்கத்தை ஓரத்துக்கு நகர்த்துவது எல்லாம் முதல் வகை. தவறாகப் போனால் எரிச்சல் வரும். அணைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நம் அட்டவணைக் கருவி இரண்டாம் வகை. அதை அணைத்தாலும் அது கெடுத்த அட்டவணைகள் கெட்டபடியேதான் இருக்கும். முதல் வகைக்கு ஒரு வாரச் சோதனை போதும் என்று நீங்கள் நினைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டாம் வகைக்கு அப்படி விட முடியாது.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள்: பயனர் உரிமை, கவனிப்புப் பட்டியல் (மாற்றங்களைக் கண்காணிக்கப் பயனர் குறித்துவைத்த பக்கங்கள்), அறிவிப்பு மின்னஞ்சல் போன்றவற்றைத் தொடும் வசதிகள். பார்வைக்குச் சின்ன மாற்றமாகத் தெரியும். தவறினால், யாரோ ஒருவருக்குப் பார்க்கக்கூடாத பக்கம் தெரிந்துவிடும், அல்லது ஆயிரம் பேருக்கு வேண்டாத மின்னஞ்சல் போய்விடும். இதையும் எழுதும் வகையின் கண்டிப்போடே நடத்துங்கள்.

எது நடந்தால் திறக்கமாட்டோம்?

ஆட்களை அழைப்பதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும். சோதனை முடிந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால், ஆறு மாதம் உழைத்த வசதியைத் திறக்காமலிருக்க யாருக்கும் மனம் வராது. ‘இது சின்ன வழுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றுதான் தோன்றும்.

அட்டவணைக் கருவிக்கு நான் மூன்று நிபந்தனைகள் எழுதுவேன். பயனர் தொடாத வரி ஒன்றுகூட, சேமித்த பிறகு மாறியிருக்கக்கூடாது. எழுதிய உரை எந்தச் சூழ்நிலையிலும் தொலைந்துபோகக்கூடாது. பழைய முறையில் திருத்துபவருக்கு, புதுக்கருவி சேமித்த குறியீடு படிக்கும்படி இருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று உடைந்தால் திறப்புவிழா தள்ளிப்போகும். ‘பயனர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும்’ என்பதையெல்லாம் இந்தப் பட்டியலில் எழுதாதீர்கள். பிடித்ததா இல்லையா என்று கடைசி நாளில் எப்படி வேண்டுமானாலும் வாதாடலாம்.

முதல் நிபந்தனையைச் சோதிக்க ஆளே வேண்டாம். சில நூறு பக்கங்களை நிரல் வழியாகப் புதுக்கருவியில் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓர் இடைவெளி மாறியிருந்தாலும் வழு வழுதான். வரலாற்றுப் பக்கத்தில் இரு பதிப்புகளை ஒப்பிடுபவருக்கு, செய்த மாற்றம் ஒரு வரி, தெரிவது நாற்பது வரி என்றால் எது உண்மையான மாற்றம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? விசுவல் எடிட்டருக்குப் பின்னால் இயங்கும் பார்சாய்டு என்ற பகுதியையும் இப்படித்தான், ஏராளமான பக்கங்களை உள்ளே விட்டு வெளியே எடுத்துச் சோதித்தார்கள். இந்தச் சோதனையில் தேறாத கருவியை மனிதர்கள் முன்னால் வைப்பது அவர்களுடைய நேரத்தை வீணாக்குவது.

சோதனைக் களத்தை அமைப்பது

இரண்டு வழிகள் உண்டு. தனியாக ஒரு சோதனை விக்கியை நிறுவலாம். அல்லது உண்மையான விக்கியிலேயே, ஒரு குறிப்பிட்ட பயனர் குழுவுக்கு மட்டும் வசதி தெரியும்படி வைக்கலாம். எழுதும் வகை வசதி என்றால் முதல் சுற்றுக்குத் தனி விக்கிதான் சரி.

தனி விக்கி என்றதும் புதிதாக நிறுவி, முதற்பக்கமும் இரண்டு மாதிரிப் பக்கங்களும் போட்டுவிட்டு ஆட்களை அழைப்பார்கள். காலியான விக்கியில் எல்லாமே அழகாக வேலை செய்யும். உங்கள் தளத்தில் இருப்பதிலேயே மோசமான பக்கங்களைத் தேடி எடுங்கள்: அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் வார்ப்புரு (பல பக்கங்களில் செருகும் பொதுத் துண்டு), அந்த வார்ப்புருவுக்குள் லுவா நிரல்மொழியில் எழுதிய நிரற்கூறு. ஏற்றுமதிக்கான சிறப்புப் பக்கத்தில் வார்ப்புருக்களையும் சேர்த்து எடுக்கும் தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மீடியாவிக்கி பெயர்வெளியில் (‘மீடியாவிக்கி:’ என்று தலைப்புத் தொடங்கும் பக்கங்களில்) உள்ள தளம் முழுவதற்குமான பாணித்தாள், நிரல்கள், நிர்வாகிகள் சேர்த்துவைத்திருக்கும் சிறுகருவிகள் ஆகியவற்றையும் கொண்டுவர வேண்டும். அப்புறம் பதிப்பு விவரம் காட்டும் சிறப்புப் பக்கத்தை இரு தளங்களிலும் திறந்து, மென்பொருள் பதிப்பும் நீட்சிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

தளத்தை மூடுவது சுலபம். தளத்தின் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் பெயரற்ற பயனர்களின் படிக்கும் உரிமையையும், கணக்குத் தொடங்கும் உரிமையையும் எடுத்துவிட்டால் போதும். ஆனால் பதிவேற்றிய படங்கள் இந்தப் பூட்டுக்குள் வராது! பக்கங்களைப் பூட்டினாலும், படத்தின் முகவரி தெரிந்தவர் நேரடியாகத் திறந்து பார்க்கலாம், ஏனென்றால் அவற்றை வழங்குவது இணைய வழங்கி, மீடியாவிக்கி அல்ல. படங்களும் மறைவாக இருக்க வேண்டுமென்றால், கோப்புறைக்கு நேரடி அணுகலைத் தடுத்துவிட்டு, உரிமையைச் சரிபார்த்துப் படம் தரும் துணை நிரல் மீடியாவிக்கியோடு வருவதை இயக்க வேண்டும்.

தரவுத்தளத்தை அப்படியே நகலெடுக்கலாமே என்று தோன்றும். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். ஒரு சிறிய குழுவின் விக்கி. நகலெடுத்த அன்று மாலையே ஒரு பக்கத்தில் சோதனைத் திருத்தம் ஒன்றைச் செய்தேன். அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருந்த எல்லோருக்கும் அறிவிப்பு மின்னஞ்சல் போய்விட்டது. அதிலிருந்த இணைப்பை அழுத்தி இரண்டு பேர் சோதனைத் தளத்துக்கே வந்துவிட்டார்கள். அவர்களுடைய கணக்குகளும் கடவுச்சொற்களும்தான் நகலில் இருந்தனவே! அதுதான் உண்மையான தளம் என்று நினைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து கட்டுரையை விரிவாக்கினார்கள். மறுநாள் நான் தளத்தைத் துடைத்துவிட்டேன். அவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று இன்றுவரை சரியான வாசகம் கிடைக்கவில்லை.

ஆகவே நகலெடுத்தே தீர வேண்டுமென்றால், தளத்தை எழுப்புவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பை அணைத்துவிடுங்கள். காத்திருக்கும் பின்னணி வேலைகளும் தரவுத்தளத்தோடு சேர்ந்து வந்திருக்கும், அந்த வரிசையைக் காலி செய்யுங்கள். பயனர்களின் மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் பதிவு, ஐபி முகவரி ஆகியவற்றை அழித்துவிடுங்கள். அவர்கள் அவற்றைக் கொடுத்தது உங்கள் சோதனைக்காக அல்ல. தள அறிவிப்பில் பெரிதாக, கண்ணை உறுத்தும் நிறத்தில், ‘இது சோதனைத் தளம், இங்கே எழுதுவது அழிக்கப்படும்’ என்று போடுங்கள். தேடுபொறிகளின் முடிவுகளில் வராதபடியும் அமைத்துவிடுங்கள்.

யாரை அழைப்பது?

பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கணக்கு இந்தத் துறையில் பிரபலம்: 5 பேரை வைத்துச் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறக்குறைய 85% தெரிந்துவிடும். 15 பேர் இருந்தால் எல்லோரையும் ஒரே சோதனையில் போடாமல், ஐந்தைந்து பேராக மூன்று சுற்று நடத்தி, ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் திருத்திக்கொள்வது நல்லது என்பது அவர் சொன்ன யோசனை. சிறிய விக்கிக்கு இது அப்படியே பொருந்தும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ‘இந்தப் பொத்தான் எதற்கு என்று புரியவில்லை’ போன்ற சிக்கல்களுக்கான கணக்கு இது. எப்போதாவது ஒருமுறை அட்டவணையை விழுங்கும் வழுவை ஐந்து பேர் பிடித்துவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அதற்குத்தான் முன்னே சொன்ன இயந்திரச் சோதனை.

முதல் சுற்றில் அனுபவசாலிகளை வையுங்கள்: நிர்வாகி ஒருவர், தானியங்கி (தானாகத் திருத்தங்கள் செய்யும் நிரல்) இயக்குபவர் ஒருவர், வார்ப்புருக்களைக் கட்டிக் காப்பவர் ஒருவர், தளத்தின் சிறுகருவிகளை எழுதியவர் ஒருவர். எது எங்கே உடையும் என்று இவர்களுக்கு ஏற்கெனவே ஓர் ஊகம் இருக்கும். ஐந்தாவது ஆளாக, இந்த வசதியே வேண்டாம் என்று சத்தமாகச் சொல்பவரை அழையுங்கள். தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் திறப்பு நாளில் அவர் கண்டுபிடிக்கப்போகும் குறையைப் பல வாரம் முன்னதாகவே சொல்லிவிடுவார். அவ்வளவு கவனமாக வேறு யாரும் உங்கள் கருவியைப் பார்க்கமாட்டார்கள்.

புதியவர்களைக் கடைசிச் சுற்றுக்கு வைத்திருங்கள். ஒருவர் ஒரே ஒருமுறைதான் புதியவராக இருக்க முடியும். அரைகுறைக் கருவியைக் காட்டி அந்த முதல் பார்வையைச் செலவழித்துவிட்டால், திருத்திய கருவியைக் காட்ட வேறு புதியவரைத் தேட வேண்டியிருக்கும். கைபேசியில் மட்டுமே விக்கிக்கு வருபவர், திரைவாசிப்பான் துணையோடு படிப்பவர் இருவரும் நடுச்சுற்றில் கட்டாயம் இருக்கட்டும். சுட்டியால் இழுத்து நகர்த்தும் அட்டவணைக் கருவி இவர்கள் கையில்தான் முதலில் திணறும்.

நண்பர்களை மட்டும் அழைத்தால் ‘சூப்பர்’ என்று எழுதி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

சோதனை மூடியதாக இருக்கட்டும், சோதனை நடக்கிறது என்ற செய்தி மூடியதாக இருக்கக்கூடாது. என்ன வசதி, ஏன் சிலரை மட்டும் அழைத்திருக்கிறோம், எப்போது முடியும், அதன் பிறகு யார் எப்படி முடிவெடுப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பொதுவில் வையுங்கள். விக்கிச் சமூகங்கள் வழுவை மன்னிக்கும், முதுகுக்குப் பின்னால் நடந்ததை மன்னிக்காது. 2014-இல் படக்காட்சிச் சாளரமான மீடியா வியூவரை எல்லோருக்கும் தானாக இயங்கும்படி வைக்க வேண்டாம் என்று ஜெர்மன் விக்கிப்பீடியாச் சமூகம் வாக்கெடுத்து முடிவு செய்தது. அங்கிருந்த நிர்வாகி அதை அணைக்க முயன்றபோது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ‘சூப்பர்புரொடெக்ட்’ என்ற புதிய பூட்டைக் கொண்டுவந்து நிர்வாகிகளே அந்தப் பக்கத்தைத் திருத்த முடியாதபடி செய்தது. அந்தப் பூட்டு 2015 நவம்பரில்தான் நீக்கப்பட்டது. ஒரு படக்காட்சிக்காக ஓராண்டுக்கு மேல் மனக்கசப்பு.

என்ன செய்யச் சொல்வது?

‘சும்மா பயன்படுத்திப் பாருங்கள்’ என்றால் எல்லோரும் ஒரு வரிசையைச் சேர்ப்பார்கள், சேமிப்பார்கள், போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஏழெட்டுப் பணிகளை எழுதிக் கொடுங்கள். பணியில் பொத்தானின் பெயர் வரக்கூடாது. ‘கூட்டல் குறியை அழுத்தி வரிசை சேர்க்கவும்’ என்று எழுதினால் உங்கள் குறிப்பைத்தான் சோதிக்கிறீர்கள். ‘இந்தப் பட்டியலில் விடுபட்டுப்போன ஓர் ஆண்டைச் சரியான இடத்தில் சேர்க்கவும்’ என்று எழுதினால் கருவியைச் சோதிக்கிறீர்கள்.

பாதிப் பணிகள் வேண்டுமென்றே தொல்லை தருபவையாக இருக்கட்டும். ஒரே அட்டவணையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து, ஒருவர் பின் ஒருவராகச் சேமிக்கட்டும், தொகுப்பு முரண் வரும்போது கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாதி எழுதிவிட்டுப் பழைய தொகுப்பானுக்கு மாறட்டும். தொகுப்புச் சாளரத்தை இரவு முழுக்கத் திறந்துவைத்து, அமர்வு காலாவதியான பிறகு சேமிக்கட்டும். சொற்செயலியிலிருந்து அட்டவணையை நகலெடுத்து ஒட்டட்டும். உலாவியின் பின்செல் பொத்தானை நடுவில் அழுத்தட்டும்.

தமிழ் விக்கி என்றால் எழுத்துக்கும் ஒரு பணி ஒதுக்குங்கள். மீடியாவிக்கியில் பக்கத் தலைப்புக்கு 255 பைட் வரம்பு உண்டு. யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட், ஆக 85 குறிகள்தான். ‘கி’ என்ற ஓரெழுத்தே இரண்டு குறிகள் என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் இன்னும் குறைவு. தலைப்பு வாங்கும் எந்த வசதியும் இங்கே முட்டும். இன்னொன்று: ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் உள்ளிடலாம். பார்க்க ஒன்றுதான். சேமிக்கும்போது மீடியாவிக்கி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் உலாவிக்குள் ஓடும் உங்கள் கருவி இரண்டையும் வேறு சொற்கள் என்று நினைத்து, ‘கண்டுபிடி–மாற்று’ வேலையில் கோட்டைவிடலாம்.

நாள் கணக்கு

ஒரு சுற்றுக்கு ஒரு வாரம், அதைத் திருத்த இன்னொரு வாரம். மூன்று சுற்றுக்கு ஆறு வாரம். திருத்தும் வாரத்தை விட்டுவிட்டுத் திட்டம் போடுபவர்கள்தான் அதிகம். சுற்று நடக்கும்போது நிரலை மாற்றாதீர்கள், உரை தொலையும் வழு வந்தால் மட்டும் விதிவிலக்கு. திங்கட்கிழமை ஒருவர் பார்த்த கருவியும் புதன்கிழமை இன்னொருவர் பார்த்த கருவியும் வேறு வேறு என்றால், வந்த புகார்களை ஒப்பிட வழியில்லை.

புகார்களை வாங்கும் விதம்

ஓரிடம், ஒரே ஓரிடம். விக்கிமீடியா 2014-இலிருந்து ஃபேப்ரிகேட்டர் என்ற வழுப்பதிவுத் தளத்தைப் பயன்படுத்துகிறது. பத்துப் பதினைந்து பேருக்கு அவ்வளவு வேண்டாம், சோதனை விக்கியிலேயே ஓர் உரையாடல் பக்கம் போதும். வாட்ஸ்அப்பில் வந்த புகாரையும் நீங்களே அங்கே எழுதிவிடுங்கள்.

மூன்று கேள்விகள்: என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது? இதோடு பதிப்பு எண். விக்கியில் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஓர் எண் உண்டு. அது கிடைத்துவிட்டால் எந்த நிமிடம், எந்தப் பக்கம், என்ன மாறியது என்று எல்லாமே கிடைத்த மாதிரி. உலாவியின் பெயரையும், பயன்படுத்தும் விக்கித் தோற்றத்தின் (ஸ்கின்) பெயரையும் கேளுங்கள். அப்புறம், முகவரியின் இறுதியில் ‘சேஃப்மோட்’ அளபுருவைச் (safemode=1) சேர்த்துத் திறந்தால் பயனரின் சொந்த நிரல்களும் தளத்தின் சிறுகருவிகளும் அணைந்த நிலையில் பக்கம் வரும். அப்போதும் சிக்கல் நீடித்தால் தவறு உங்கள் பக்கம். நீங்கிவிட்டால் ஏதோ ஒரு சிறுகருவியோடு மோதுகிறது.

வந்ததை மூன்றாகப் பிரித்தால் போதும்: உரையைக் கெடுப்பது, வேலையைத் தடுப்பது, எரிச்சலூட்டுவது. முதல் வகை ஒன்றே ஒன்று வந்தாலும் எல்லோருடைய வேலையும் அன்று அதுதான். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நாளுக்குள் ‘பார்த்துவிட்டேன்’ என்றாவது பதில் போடுங்கள். இரண்டு புகாருக்குப் பதில் வராவிட்டால் மூன்றாவதை யாரும் எழுதமாட்டார்கள். ஒன்றுமே எழுதாதவரை ‘திருப்தியாக இருக்கிறார்’ என்று எண்ணாதீர்கள். தொலைபேசியில் கூப்பிட்டுப் பாருங்கள், உள்ளே நுழையவே முடியவில்லை என்பார்.

பின்வாங்கி ஒத்திகை பாருங்கள்

புதுக்கருவியின் வழியாக நடக்கும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தானாக ஒரு குறிச்சொல் விழும்படி செய்யுங்கள். மீடியாவிக்கியில் இதற்கு வசதி உண்டு. நாளைக்கே கருவி அட்டவணைகளைக் கெடுத்தது தெரியவந்தால், அண்மைய மாற்றங்களை அந்தக் குறிச்சொல்லால் வடிகட்டி, பாதிக்கப்பட்ட பக்கங்களை மட்டும் எடுக்கலாம். குறிச்சொல் இல்லாவிட்டால் எல்லாத் திருத்தங்களையும் சலிக்க வேண்டும்.

ஒரே ஓர் அமைப்பு வரியை மாற்றினால் கருவி அணைய வேண்டும். இரண்டாம் சுற்றின் நடுவில், யாரிடமும் சொல்லாமல் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அந்த நொடியில் பாதி எழுதிக்கொண்டிருந்தவரின் உரை என்ன ஆயிற்று? உங்கள் வசதி தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பையே மாற்றுகிறது என்றால், அணைப்பது மட்டும் போதாது. மேம்படுத்தும் நிரல் ஓடிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப நம்பகமான வழி காப்புப்பிரதிதான். அதை எடுத்துவைத்தால் மட்டும் போதாது, சோதனைத் தளத்தில் ஒருமுறை உண்மையாகவே மீட்டெடுத்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது

மூன்று சுற்றும் முடிந்து, நிறுத்தும் நிபந்தனைகள் எதுவும் உடையவில்லை. சரி, இனி எல்லோருக்கும் திறந்துவிடலாமா? வேண்டாம். உண்மையான விக்கியில் முதலில் விருப்பத்தேர்வாக வையுங்கள். விக்கிமீடியா இதற்காகவே 2013 நவம்பரில் ‘பீட்டா வசதிகள்’ என்ற பகுதியைப் பயனர் விருப்பங்களில் சேர்த்தது. அவர்களுடைய வாராந்திர மேம்படுத்தலும் படிப்படியாகத்தான் போகும்: செவ்வாயன்று சோதனை விக்கிகளும் மீடியாவிக்கியின் சொந்தத் தளமும், புதனன்று பெரும்பாலான துணைத் திட்டங்களும் சில விக்கிப்பீடியாக்களும், வியாழனன்று மற்ற விக்கிப்பீடியாக்கள். வெக்டர் 2022 தோற்றத்தை முன்வந்த சில விக்கிகளில் 2020-இலேயே தொடங்கி, ஆங்கில விக்கிப்பீடியாவில் 2023 ஜனவரியில்தான் எல்லோருக்கும் இயல்பான தோற்றமாக்கினார்கள். உங்களுக்கு அவ்வளவு ஆண்டுகள் தேவையில்லை. இரண்டு வாரம் விருப்பத்தேர்வு, பிறகு உள்நுழைந்த பயனர்கள், அதன் பிறகு எல்லோரும் என்ற வரிசை போதும்.

திறக்கும் நாளாக வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சோதித்தவர்களில் இரண்டு பேரையாவது அன்று உடன் இருக்கச் சொல்லுங்கள், ஒருவர் அண்மைய மாற்றங்களைக் குறிச்சொல்லோடு பார்த்துக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் உதவிப் பக்கத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். அணைக்கும் வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று உங்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சோதனை விக்கியை அன்றே அழித்துவிடாதீர்கள், முதல் மாதத்தில் வரும் வழுக்களைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்க அதுதான் இடம். மாதம் முடிந்ததும் அங்கிருக்கும் கணக்குகளையும் தரவுகளையும் நீக்கிவிட்டு, சோதித்தவர்களின் பயனர் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், வசதியின் உதவிப் பக்கத்தில் குறிப்பிடுங்கள். வசதியே வேண்டாம் என்று சத்தம் போட்டவரின் பெயரும் அதில் இருக்கட்டும்.